ஏழாம் விதியில் ஒரு சொல்

ஜூன் 3, திங்கள்

கயற்கண்ணிக்குப் பதவி உயர்வு ஆணை வந்துவிட்டது. இன்றிலிருந்து அவள் சார்புச் செயலாளர். நான் பிரிவு அலுவலராகவே இருக்கிறேன்.

சட்டங்களையும் விதிகளையும் வரைந்து, தமிழாக்கி, அரசிதழில் வெளியிடும் இந்த அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். இருபத்தாறு வருடம் ஆகிறது. தேர்வாணையப் பட்டியலில் என் பெயர் அவள் பெயருக்கு மேலே இருந்தது. மகள் பெனிட்டா பிறந்தபோது நீண்ட விடுப்பு எடுத்தேன். அதில் என் தகுதிகாண் காலம் தள்ளிப்போய், பணிமூப்பு கீழே இறங்கிவிட்டது. விதி அப்படி. விதியெழுதும் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நானே விதியைக் குறை சொல்ல முடியுமா?

அரைக் கிலோ பாதுஷா வாங்கிப் பிரிவில் எல்லோருக்கும் நானே கொடுத்தேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது பெனிட்டா, "யாரு மேலம்மா கோவம்? இப்படிப் போட்டு உடைக்கிற?" என்றாள். யார்மேலும் இல்லை. கை நழுவியது.

ஜூன் 5, புதன்

அலுவலக உதவியாளர் பச்சையப்பன், கயலின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு விரித்தார். புதுத் துண்டு.

ஜூன் 11, செவ்வாய்

அவளுக்குத் தனி அறை. ஏசி உண்டு. ஜன்னலில் பச்சைத் திரை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"என்னடி, தட்டிட்டெல்லாம் வர்ற?" என்றாள்.

எதிரே துணைச் செயலாளர் வரதன் சார் உட்கார்ந்திருந்தார். அதனால், "ஃபைல் கொண்டாந்தேன் மேடம்" என்றேன். கயல் சிரித்துவிட்டாள். வேடிக்கையாக நினைத்துத்தான் சிரித்தாள். இருந்தாலும் அவர் முன்னால் சிரித்திருக்க வேண்டாம்.

பிற்பகல் கூட்டத்தில் இன்னொரு செய்தி. மாநிலச் சட்டங்கள் எல்லாவற்றையும் இன்றுவரை வந்த திருத்தங்களோடு தொகுத்து இணையதளத்தில் போடப்போகிறார்கள். இப்போது அப்படி ஒரு தொகுப்பு எங்கும் இல்லை. ஒரு சட்டம் வரும், பிறகு இருபது வருடத்தில் பதினெட்டுத் திருத்தம் வரும். ஒவ்வொன்றும் வேறு வேறு அரசிதழில் கிடக்கும். எந்த வரி உயிரோடு இருக்கிறது, எது நீக்கப்பட்டது என்று வக்கீல்களுக்கே தெரியாது. எங்கள் பிரிவில் மட்டும் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் அரசிதழில் அந்தப் பகுதியை வெட்டி, மூலச் சட்டத்தின் அந்தந்த இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக. நூற்றுப் பதினான்கு தொகுதிகள். அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

குழுவுக்குப் பொறுப்பு: கயற்கண்ணி.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "செயலாளர்ட்ட உன் பேரத்தான் முதல்ல சொன்னேன் சீலி. சார்புச் செயலாளர்தான் பொறுப்புல இருக்கணும்ங்கறாரு" என்றாள்.

சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருப்பாள்.

ஜூன் 14, வெள்ளி

வீட்டுவேலைத் தொழிலாளர் விதிகள் வந்துவிட்டன. சட்டம் போன வருடமே பேரவையில் நிறைவேறியது. ஆனால் விதி இல்லாத சட்டம் சும்மா கிடக்கும். நல வாரியத்தில் யார் பதிவு செய்யலாம், எந்தப் படிவம், என்னென்ன சான்று, எத்தனை நாளுக்குள், இதெல்லாம் விதியில்தான் வரும். வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அதையெல்லாம் பார்த்து முடித்து, இப்போது ஆங்கில வடிவம் இறுதியாகிவிட்டது. தமிழ் வடிவம் வேண்டும்.

தமிழ் எப்போதும் என்னிடம்தான் வரும். இந்த முறை செயலாளர், "ஏழைபாழைங்க படிக்கிற விதி. கயற்கண்ணியே பண்ணட்டும், அவங்க தமிழ் சரளமா இருக்கும்" என்றாராம். வரதன் சார் என்னிடம் வந்து சொன்னார். அவள் எழுதுவதை ஆங்கிலத்தோடு ஒப்புநோக்கிக் கையெழுத்திடுவது என் வேலை.

என் தமிழ் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

வரும் வழியில் மாவு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

கயல் மூன்று நாளில் முடித்துவிட்டாள். பதிமூன்று பக்கம். காலையிலிருந்து ஒப்புநோக்கினேன்.

நன்றாக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாமல் முடியாது. நான் 'பணியமர்த்துநர்' என்று எழுதுவேன். அவள் 'வேலை கொடுப்பவர்' என்று எழுதியிருக்கிறாள். நான் ஒன்றரைப் பத்தியில் சொல்வதை இரண்டு வரியில் சொல்கிறாள். எங்கும் மூச்சு முட்டவில்லை. படிக்கப் படிக்க எனக்குத்தான் முட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குறையாவது இருக்கும் என்று பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே போனேன்.

ஏழாம் விதியில், பதிவுக்கான சான்றுகள் வரும் இடத்தில், '(அ) வேலை கொடுப்பவரின் சான்று, (ஆ) வார்டு உறுப்பினரின் சான்று மற்றும் (இ) தொழிற்சங்கத்தின் சான்று' என்று இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு பென்சில் கோடு போட்டேன். அதற்குள் மணி ஐந்தரை. ஆங்கிலப் பிரதியை எடுத்துப் பார்க்க நேரமில்லை.

மனசு காலையைவிட லேசாக இருந்தது. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததால் இருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

பார்த்தேன். ஆங்கிலத்தில் 'அல்லது'.

மூன்றில் ஒன்று இருந்தால் போதும் என்பது மூன்றும் வேண்டும் என்று மாறிவிட்டது. வேகமாக எழுதும்போது வருகிற தவறுதான். எனக்கும் வந்திருக்கிறது, கயல் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஒரு சார்புச் செயலாளர் எழுதியதைப் பிரிவு அலுவலர் திருத்துவது சரியாக இருக்குமா என்று யோசித்தேன். எப்படியும் அச்சடிக்கும் முன் சரிபார்க்க அச்சகத்திலிருந்து மெய்ப்பு வரும். அதை அவள்தான் பார்ப்பாள். அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

பென்சில் கோட்டை அழித்துவிட்டு, 'ஒப்புநோக்கப்பட்டது' என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து மாங்காய் நறுக்கினேன். என் வீட்டுக்காரர் ஞானராஜுக்குத் தோள்வலி. ஊறுகாய் ஜாடியை மேலே தூக்கி வைக்க ஆளில்லை. கீழேயே இருக்கட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

மெய்ப்பு வந்தது. கயல் மதுரையில் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போனில் கூப்பிட்டாள். பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"சீலி, மெய்ப்ப நீ பாத்து அனுப்பிரு. எனக்காகக் காத்திருக்க வேணாம்."

"நீ எழுதினது. நீ ஒருதடவை பாக்க வேண்டாமா?"

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். உன் கண்ணுல தப்பி எது போயிருக்கு? அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, வச்சிர்றேன்."

வைத்துவிட்டாள்.

ஜூலை 3, புதன்

மெய்ப்பைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள'. பதினோராம் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி. மூன்றையும் திருத்தினேன். கையெழுத்திட்டேன். பச்சையப்பன் அச்சகத்துக்கு எடுத்துப்போனார்.

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

ஜூலை 10, புதன்

விதிகள் அரசிதழில் வெளிவந்துவிட்டன. 'வெளியிடப்படும் நாளன்று நடைமுறைக்கு வரும்' என்று முதல் விதியிலேயே இருக்கிறது. ஆகவே இன்றிலிருந்து அதுதான் சட்டம்.

ஏழாம் விதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். மை நன்றாக ஏறியிருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

கயல் ஊரிலிருந்து வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பரவாயில்லையாம். செயலாளர் அறையில் டீ. "இந்த மாதிரித் தமிழில் விதி வந்து நான் பாத்ததில்ல" என்று அவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள்.

கயல் எழுந்து நின்றாள். "எழுதினது மட்டும்தான் சார் நான். வரிவரியாப் பாத்தது ஜெயசீலி. அவ பாத்தா ஒரு தப்பு இருக்காது."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தேன். தண்ணீர் குடித்தேன். அந்தக் கைதட்டலையும் அவள்தான் எனக்கு வாங்கிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று ஆலயத்தில் திருவிருந்து, முன்னால் போய் முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்க வேண்டும். ஞானராஜ் எழுந்து, "வரலியா?" என்றார். முட்டி வலிக்கிறது, முழங்கால் போட முடியாது என்றேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதினொரு மணிக்கு வீட்டுவேலை செய்யும் பெண்களின் சங்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். பெயர் தனபாக்கியம். ஐம்பது வயது இருக்கும், கணீரென்ற குரல். ஜவுளிக்கடைப் பை நிறையப் படிவங்கள். எல்லாவற்றிலும் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை.

"முந்நூத்தி நாப்பது பேரு மேடம். மூணு சர்டிபிகேட்டும் கொண்டான்றாங்க. சங்கத்துல நாங்க குடுக்குறோம். கவுன்சிலர் கையக் கால புடிச்சா குடுக்குறாரு. வேல செய்ற வீட்டுல எவம் மேடம் எழுதிக் குடுப்பான்? 'எழுதிக் குடுத்தா நாளைக்கு நீ கேஸ் போடுவ'ன்றான். கேட்டதுக்கே நாலு பேர வேலைய விட்டு நிறுத்திட்டான்."

கூட வந்திருந்த பெண்ணைக் காட்டினார். தேசம்மாள். மெலிந்த உடம்பு, வலது கை தோள்வரை மாவுக்கட்டு. ஜூலை பதினெட்டாம் தேதி இரண்டாம் மாடி ஜன்னலைத் துடைக்கும்போது சன்ஷேடிலிருந்து விழுந்திருக்கிறார். வேலை செய்த வீட்டில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனவர்கள் பிறகு போனை எடுப்பதில்லை. விபத்து உதவி வாங்க, விழுந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வாரிய உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டைக்கு அந்த வீட்டுக்காரர்களே சான்று தரவேண்டும்.

தேசம்மாள் ஒருமுறை மட்டும், "குந்திக்கலாமா?" என்று கேட்டார். நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

தனபாக்கியம் அரசிதழை விரித்தார். "நாங்க ஆட்சேபணை எழுதினப்போ 'எதாவது ஒண்ணு போதும்'னுதான இருந்திச்சி. நடுவுல யாரு மேடம் மாத்துனது?"

கயல் வாங்கிப் படித்தாள். ஆங்கிலப் பிரதியை எடுத்து வரச் சொன்னாள். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அந்தச் சொல்லில் விரல் நின்றது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

இதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாகக் காத்திருந்தேனோ என்னவோ. பார்த்தாயிற்று. நான் நினைத்திருந்த மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

முந்நூற்று நாற்பது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கயலுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. வரதன் சார் அறையில் பேச்சு. என்னையும் கூப்பிட்டார்கள்.

கயல், "பிழைதிருத்தம் போட்டுருவோம் சார். 'மற்றும்' என்பதை 'அல்லது' என்று படிக்கவும். ஒரு வரி. ஜூலை பத்தாம் தேதியிலிருந்தே செல்லும். நிராகரிச்சதெல்லாம் திரும்பி உள்ள வந்துரும்" என்றாள்.

வரதன் சார் தலையை அசைத்தார். "பிழைதிருத்தம்னா அச்சுப்பிழை, கைத்தவறு. இது என்ன? எழுதினதுல ஒரு கையெழுத்து, ஒப்புநோக்கினதுல ஒரு கையெழுத்து, மெய்ப்புல ஒரு கையெழுத்து. மூணு தடவை பாத்து அனுப்பினதைக் கைத்தவறுன்னு எப்படிம்மா சொல்றது? தெரிஞ்சுதான் வெச்சோம்னு அர்த்தம். மாவட்டத்துக்கெல்லாம் மூணும் வேணும்னு சுற்றறிக்கையே போயாச்சு. பேசாம, போலிப் பதிவைத் தடுக்க யோசிச்சு எடுத்த முடிவு, இப்ப தளர்த்துறோம்னு சொல்லி முறைப்படி ஒரு திருத்தம் கொண்டுவருவோம். அக்டோபர் கடைசியில வந்துரும். உங்களுக்கும் மெமோ முடிஞ்சுரும்."

"திருத்தம்னா அக்டோபர்லேர்ந்துதான சார் செல்லும்? நடுவுல விழுந்தவங்க?"

"எல்லாரையும் நாம தூக்கிவிட முடியுமா?"

"அப்படி எழுத மாட்டேன் சார். யோசிச்சு எடுத்த முடிவுன்னு என் கையால எழுத மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க ஜெயசீலி?"

"கோப்பைப் பாக்கணும் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கோப்பைப் பார்த்தேன். கயல் விளக்கம் எழுதி வைத்திருக்கிறாள். கையெழுத்தில், ஒன்றரைப் பக்கம்.

'பிழை முழுவதும் என்னுடையது. அவசரம் கருதி நான் விரைவுபடுத்தியதால், ஒப்புநோக்கிய பிரிவு அலுவலருக்குப் போதிய கால அவகாசம் கிடைக்கவில்லை. மெய்ப்பையும் நான் பார்த்திருக்க வேண்டும். சொந்தக் காரணங்களுக்காக அவரிடம் தள்ளிவிட்டேன். அவர்மீது குறை இல்லை.'

எனக்கு இரண்டு நாள் முழுசாக இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

கோபம்தான் வந்தது. நன்றி வரவேண்டிய இடத்தில் கோபம். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். 'மூன்று கையெழுத்தில் இரண்டு ஜெயசீலியுடையது' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அவளும் ஒரே தரையில் நின்றிருப்போம். தப்பு செய்து மாட்டிக்கொண்ட இடத்திலும் அவள்தான் உயரத்தில் நிற்கிறாள். தமிழ் அவளுக்கு நன்றாக வருகிறது, பதவி வருகிறது, இப்போது இதுவும். எனக்கு எதுதான் வரும்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. பச்சையப்பன், "மேடம் மூணு நாளா டப்பாவைத் தொறக்கலம்மா" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஞானராஜிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆரம்பித்தேன். பாதியில் அவர் என் கையிலிருந்த துண்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேவா விட்ட?"

"ஆமா."

"ரெண்டு தரமும்?"

"ஆமா."

"கயலு நம்ம வீட்டுப் பிள்ள மாதிரில்லா இருந்தா."

"அதான்" என்றேன். வேறு எப்படிச் சொல்ல? வேற்று ஆள் பெரிய நாற்காலிக்குப் போனால் எனக்கென்ன?

அவர் கீழே வைத்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "அந்தக் கை ஒடிஞ்சவ அறுபது நாளு என்னிக்கு முடியுது?" என்று கேட்டார்.

செப்டம்பர் பதினாறு. அந்தத் தேதி எனக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குக் கோப்பை எடுத்து, கயலின் விளக்கத்துக்குக் கீழே என் குறிப்பை எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய குறிப்புகளிலேயே சின்னது இதுதான்.

'ஏழாம் விதியில் உள்ள பிழையை ஜூன் 21 அன்று ஆங்கில வடிவத்துடன் ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். திருத்தாமல் கையெழுத்திட்டேன். ஜூலை 3 அன்று மெய்ப்பிலும் தெரிந்தே விட்டேன். என் இரண்டு கையெழுத்துகளும் ஒப்புநோக்கியதற்குச் சான்றாகா. இது அரசின் முடிவன்று, எழுதியவரின் கைத்தவறு. அதைத் தடுக்க வேண்டிய நான் தடுக்கவில்லை.'

காரணம் எழுதவில்லை. காரணத்துக்கு அந்தக் கோப்பில் இடமில்லை.

வரதன் சாரிடம் நேரே கொண்டுபோனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா? இதைக் கிழிச்சுப் போட்டா யாருக்கும் தெரியாது."

"பக்க எண் போட்டுட்டேன் சார்."

"இது உள்ள இருந்தா, முடிவுன்னு நான் எழுத முடியாது."

"அதுக்குத்தான் சார் எழுதினேன்."

திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கயல் வந்தாள். அவள் அறைக்கு என்னைக் கூப்பிடவில்லை, என் மேஜைக்கே வந்தாள். கையில் அந்தக் கோப்பு. பிரிவில் எல்லோரும் இருந்தார்கள்.

"ஜூன் இருபத்தொண்ணுலயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மதுரையிலேர்ந்து போன் பண்ணப்பவும்?"

"தெரியும்."

"அம்மாவ ஸ்கேனுக்குக் கொண்டுபோயிட்டு இருந்தேன்டி." கோப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ரெண்டு வாரமா என் கண்ணுக்கு என்னமோ ஆயிருச்சு, மூளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். கண் டாக்டர்ட்டகூடப் போயிட்டு வந்தேன். ஏன் சீலி?"

அவள் காத்திருந்தாள். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, அது ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு துண்டு, ஒரு திரை, ஒரு டீ.

"நீ மேல போனது எனக்குப் பொறுக்கல" என்றேன்.

கயல் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பை என் மேஜைமேல் வைத்தாள்.

"பிழைதிருத்தத்துக்கு வரைவு உள்ள இருக்கு. ஒப்புநோக்கி மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க" என்றாள்.

போய்விட்டாள்.

ஒரு வரிதான். பதினொரு தடவை ஒப்புநோக்கினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

அரசிதழில் வந்துவிட்டது. உள்பக்கத்தில், ஒரு நகராட்சி ஏல அறிவிப்புக்குக் கீழே. 'மற்றும் என்ற சொல்லுக்குப் பதிலாக அல்லது என்ற சொல்லைப் படித்துக்கொள்ளவும்.' கீழே கயலின் பெயர், பதவி.

மாவட்ட அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போனது. நிராகரித்த விண்ணப்பங்களை மறுபடி எடுக்கச் சொல்லி. தனபாக்கியம் போன் செய்தார். நான் எடுத்தேன். "அந்தக் கையெழுத்துப் போட்ட மேடத்தாண்ட சொல்லுங்க, பொம்பளைங்கல்லாம் கும்புட்டாங்கன்னு" என்றார். சரி என்றேன். ஒரு சீட்டில் எழுதி, பச்சையப்பனிடம் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 4, புதன்

குற்றக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளில் பதில் தரவேண்டும். அதோடு இடமாற்றம், திருவள்ளூருக்கு. பத்தொன்பது வருடமாக ஒட்டிய தொகுதிகளை வேறொருவரிடம் எண்ணி ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பெனிட்டாவிடம் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "கயல் ஆன்ட்டிக்கு நான் போன் பண்ணலாமா?" என்றாள். பண்ணு என்றேன். பண்ணினாள். மாடிக்குப் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கஷ்டமாக இருந்தது. என் பிள்ளையும் அவளிடம்தான் பேசுகிறாள்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று மணிக்குத் தேசம்மாள் வந்தார். மாவுக்கட்டைப் பிரித்து, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கழுத்தில் கயிற்றில் உறுப்பினர் அட்டை. நேற்றுத்தான் கிடைத்ததாம். இடது கையில் கொய்யாப்பழப் பை. என்னைப் பார்த்ததும், "அன்னிக்கி நாற்காலி போட்டீங்களே" என்று ஞாபகம் சொன்னார். "கையெழுத்துப் போட்ட அம்மா ரூமு எது?"

கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். கயல் எழுந்து வந்து அவர் தோளைத் தாங்கி உட்காரவைத்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"எதுவும் ஃபைல் இருக்கா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். கதவை மூடிக்கொண்டு வந்தேன். உள்ளிருந்து, "நீ நல்லா இருக்கணும் தாயி, உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்ற குரல் கேட்டது. பொறாமையாக இருந்தது. இந்த நோட்டில் ஒருமுறையாவது அந்த வார்த்தையை எழுதிவிட வேண்டும், எழுதிவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த வாழ்த்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று என் மனசு கணக்குப் போட்டது.

தேசம்மாள் வெளியே வந்ததும், அந்தக் கணக்கோடுதான் அவரோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். நான் குறிப்பு எழுதியதால்தான் அட்டை வந்தது என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தத் தப்ப முதல்லயே பாத்தவ நான்தான்" என்றேன்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு விட்டுட்டேன்."

தேசம்மாள் நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னாத்துக்கு?"

"கூட வேல பாக்கறவங்க மேல ஒரு இது."

"அந்த அம்மா மேலயா?"

"ஆமா."

அவர் திட்டவில்லை. அடிபட்ட கையை மறுகையால் கொஞ்சம் தூக்கிச் சரிசெய்துகொண்டார். "நான் செஞ்ச ரெண்டு வூட்டுக்கும் என் பொண்ணுதான் போயினு இருக்கா. வுட்டா வேற ஆளு வெச்சிக்குவாங்கல்ல. ஸ்கூலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது. பேரை அடிச்சிட்டாங்களாம். சேத்துப்பாங்களான்னு நாளைக்கிப் போயி கேக்கணும்."

"எந்த ஸ்கூல்? நான் வந்து பேசட்டுமா?"

"வாணாம்" என்றார். கோபமில்லாமல், ஆனால் முடிவாக. பேருந்து வந்தது. ஏற உதவிக்குக் கை நீட்டினேன். அதைப் பிடிக்காமல், கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு தானே ஏறிப்போனார்.

நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்தப் பெண் எப்படி இருப்பாள், பெனிட்டா அந்த வயதில் இருந்த மாதிரி இரட்டைப் பின்னல் போட்டிருப்பாளா, யார் வீட்டு ஜன்னலை இந்நேரம் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து சாவியைத் தேடும்போதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் கயலின் நினைப்பே எனக்கு வரவில்லை.

எத்தனையாவது வகுப்பு என்றுகூட நான் கேட்கவில்லை.